விழுந்து விழுந்து

“தூங்குறதுக்கு ஒரு பரீட்சையா?”

ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்கிற மாதிரிதான் நாத்தனார் கேட்டாள். ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கிற வேலை அவளுக்கு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்பவர் காதில் விழ வேண்டும் என்று வருஷக்கணக்காகக் கத்திப் பழகிய தொண்டை.

“மெதுவாப் பேசேன்க்கா,” என்றான் தம்பி. லிஃப்ட் மெக்கானிக். மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுப்பது அவன் தொழில், ஆனால் அக்காவுக்கும் பெண்டாட்டிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டால் அவனை எடுக்க ஆள் கிடையாது.

“என்னடா மெதுவா? படிச்சுப் பாஸ் பண்ணுவாங்க, ஓடிப் பாஸ் பண்ணுவாங்க. தூங்கிப் பாஸ் பண்றதுன்னா உன் பொண்டாட்டிதான் முதல் ரேங்க். பக்கத்துல ஒருத்தர் வர முடியாது.”

அந்தப் பெண்டாட்டிக்கு வீட்டில் ‘கோழி’ என்று பெயர். உட்கார்ந்த இடத்தில் கழுத்து தொங்கும், திடுக்கென்று நிமிரும், மறுபடி தொங்கும். அதைப் பார்த்து நாத்தனார் வைத்த பெயர்தான். புருஷனும் செல்லமாக அப்படியே கூப்பிடப்போய் ஒட்டிக்கொண்டது. நேற்றிரவு முழுவதும் இதே ஆஸ்பத்திரியில் தலையில் ஒயர்களோடு படுக்கவைத்து அவள் தூக்கத்தைப் படம் பிடித்திருந்தார்கள். குறட்டை இல்லை, மூச்சுத் திணறல் இல்லை. இன்று பகலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் இருட்டறையில் படுக்கச் சொல்லி, எவ்வளவு சீக்கிரம் தூங்குகிறாள், தூக்கத்தில் மூளை என்ன செய்கிறது என்று பார்க்கப்போகிறார்கள். ஐந்து தரம்.

“ராத்திரி ஒன்னுமே இல்லையாம். நான் சொல்லல? இது சீக்கு இல்லடா, சோம்பல்.”

கோழி, நாத்தனார் தோளில் கிடந்த தன் ஐந்து மாதக் குட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

போன வாரம் நடந்தது இதுதான். நாத்தனார் ஊரிலிருந்து வந்து கதவைத் தட்டுகிறாள், திறக்க ஆளில்லை. தம்பியை வரவழைத்துத் திறந்தால், கோழி சுவரில் சாய்ந்து வாய் பிளந்து தூங்குகிறாள். மடியிலிருந்த குட்டி நழுவி, துவைத்துக் குவித்திருந்த துணிமேல் குப்புறக் கிடக்கிறது. மூக்கு வெளியே இருந்தது, அவ்வளவுதான் அதிர்ஷ்டம். அன்றைக்கே நாத்தனார் சொல்லிவிட்டாள்:

“டாக்டர் கிட்டக் காட்டு. நோயின்னா வைத்தியம் பாரு. ஒன்னுமில்லன்னு சொல்லிட்டாங்கன்னா குட்டி என்னோட வருது. நாளைக்குப் பின்ன ஏதாவது ஆச்சுன்னா நீ அழுவே, நானும் அழுவேன், இவ தூங்கிட்டிருப்பா. டிக்கெட் ஒன்னுதான் எடுத்திருக்கேன். கைக்குழந்தைக்கு டிக்கெட் கிடையாது.”

டாக்டரம்மா வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டார்.

“எத்தனை நாளா இப்படி?”

“கல்யாணத்துக்கு முன்னாடியே கொஞ்சம் இருந்துச்சு டாக்டர். தையல் மெஷின்லயே தூங்கிடுவேன். தையல் நேராத்தான் இருக்கும், ஆனா சட்டையத் தாண்டிப் போயிருக்கும்.”

டாக்டர் சிரித்தார். கோழி சிரிக்கவில்லை.

“எழுந்திருக்கும்போது கைகால் அசைக்க முடியாம இருந்திருக்கா? தூக்கம் பிடிக்கிற நேரத்துல யாரோ நிக்கிற மாதிரி?”

“இருக்கு.”

“சிரிச்சா, கோவப்பட்டா, திடீர்னு உடம்புல ஏதாவது?”

கோழி வாயைத் திறப்பதற்குள் புருஷன் முந்திக்கொண்டான். “சிரிப்பா? கல்யாணமான புதுசுல இவ விழுந்து விழுந்து சிரிப்பா டாக்டர். நான் ஒரு ஜோக் சொன்னாப் போதும். இப்பத்தான் சிரிப்பே காணோம்.”

“பெத்த புள்ளையப் பார்த்தே சிரிக்காதவ,” என்றாள் நாத்தனார். “குட்டி பொக்கை வாயைக் காட்டி ஆ ஊன்னு கூப்பிடுது. இவ சுவத்தைப் பார்த்து எதையோ முணுமுணுக்கிறா. இப்படி ஒரு தாயை நான் பார்த்ததில்ல.”

டாக்டரின் பேனா நின்றது. “பிரசவத்துக்கு அப்புறம் மனசு ரொம்பச் சோர்வா இருக்காம்மா? அழுகை வருதா?”

“இல்ல டாக்டர்.”

“வெட்கப்படாமச் சொல்லலாம்.”

“ஒன்னுமில்ல டாக்டர்.”

ஒன்றுமில்லையா? இருந்தது. புருஷன் சொன்னானே, விழுந்து விழுந்து சிரிப்பாள் என்று. ஊரே சொல்கிற சொல்தான். ஊருக்கு அது பேச்சு, இவளுக்கு நிஜம். நன்றாகச் சிரிப்பு வந்தால் முதலில் தாடை நழுவும். அப்புறம் கழுத்து. அப்புறம் முழங்கால் இரண்டும் யாரோ பிடுங்கிக்கொண்டு போன மாதிரி. கீழே கிடப்பாள், எல்லாம் காதில் விழும், சுண்டுவிரல்கூட அசையாது. கொஞ்ச நேரத்தில் தானாகச் சரியாகிவிடும்.

குட்டிக்கு மூன்று மாதம் இருக்கும்போது ஒரு நாள். கையில் வைத்துக்கொண்டு கட்டிலோரம் நிற்கிறாள். குட்டி ஒரு தும்மல் போட்டது, போட்டுவிட்டு யார் தும்மியது என்று சுற்றுமுற்றும் பார்த்தது. இவளுக்குச் சிரிப்பு பீறிட்டது. கை இரண்டும் விட்டுப்போனது. குட்டி மெத்தையில் விழுந்தது. ஒரு சாண் இந்தப் பக்கம் என்றால் தரை.

அன்றிலிருந்து பிள்ளை கையில் இருந்தால் இவள் சிரிப்பதில்லை. குட்டி வேடிக்கை காட்டினால் சுவரைப் பார்த்துக்கொண்டு பதின்மூன்றாம் வாய்ப்பாடு சொல்லுவாள். நாத்தனார் கண்ட முணுமுணுப்பு அதுதான்.

சொல்லிவிடலாம். சொன்னால்? தூங்குமூஞ்சி என்பதற்கே பிள்ளை போகிறது. பிள்ளையைக் கீழே போடுகிறவள் என்றால் விட்டுவைப்பார்களா? சொல்லாவிட்டால் சோம்பேறி. இந்தப் பக்கம் போனாலும் குட்டி போகிறது, அந்தப் பக்கம் போனாலும் போகிறது.

“சரி, படுத்துக்கோங்க,” என்றாள் ஒயர் ஒட்டுகிற பெண். “தூங்க முயற்சி பண்ணுங்க.”

“ஐயோ, இதுக்கு முயற்சி வேறயா!” வெளியே நாத்தனார் குரல். கதவு மூடியது.

மூடிய சத்தத்தைக் கோழி பாதிதான் கேட்டாள். அதற்குள் டிக்கெட் கவுண்டர் வந்துவிட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நாத்தனார். கீழே சில்லறை தள்ளுகிற சந்து வழியாகக் குட்டி போய்க்கொண்டிருக்கிறது, தலை போய்விட்டது, தோள் போய்விட்டது. காலைப் பிடிக்கலாம் என்றால் கை எழவில்லை. கண் திறந்துவிட்டது, அறை தெரிகிறது, விளக்குப் புள்ளி தெரிகிறது, கை இன்னும் எழவில்லை. வெளியே குட்டி அழுகிறது. எழுந்திரு, எழுந்திரு என்கிறாள் தனக்குத்தானே. உடம்பு காதில் போட்டுக்கொள்ளவில்லை.

“தூங்கினீங்களா?” என்று விளக்கைப் போட்டாள் அந்தப் பெண்.

“தெரியலங்க.”

“கனவு?”

“…இல்ல.”

பொய்தான். ஆனால் தலையில் ஒட்டியிருந்த ஒயருக்குப் பொய் தெரியாதே.

அடுத்த தரமும் அப்படியே. அதற்கடுத்தும் அப்படியே. நடுநடுவே வெளியே வந்து குட்டிக்குப் பால் கொடுப்பாள், உட்கார்ந்தபடி. தூங்கிவிடக் கூடாது என்று புருஷன் எதிரே உட்கார்ந்து அவள் முழங்காலைத் தட்டிக்கொண்டே இருப்பான்.

“என்ன சொன்னாங்க?”

“ஒன்னும் சொல்லல. ஒவ்வொரு தடவையும் அந்தப் பொண்ணு ஸ்கிரீனப் பார்த்துட்டு என்னைப் பார்க்குது.”

“நல்லதா கெட்டதா?”

“எனக்கென்னங்க தெரியும்?”

நான்காவது தூக்கம் முடிந்து அவள் வெளியே வந்தபோது நாத்தனார் நடையில் குட்டியோடு நின்றுகொண்டிருந்தாள். குட்டிக்கு அம்மாவின் தலையைக் கண்டதும் குஷி. சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று ஒயர் ஒயராகத் தொங்குகிறதே! இரண்டு கையையும் நீட்டித் துள்ளியது.

“இந்தா, உன் புள்ள பிடி. என் இடுப்பு ஒடிஞ்சு போச்சு.” யோசிக்க நேரம் கொடுக்காமல் நாத்தனார் குட்டியைக் கையில் திணித்துவிட்டாள். “பாருடா குட்டி, உங்கம்மாவுக்குக் கரெண்டு கனெக்‌ஷன் குடுத்தாச்சு. அப்படியும் பல்பு எரியல பாரு!”

குட்டி ஒரு சிவப்பு ஒயரைப் பிடித்து வாயில் வைத்தது. பிடிக்கவில்லை போல. பெரிய மனுஷன் மாதிரி முகத்தைச் சுளித்து, நாத்தனாரைத் திரும்பிப் பார்த்து, நீயே சாப்பிடு என்கிற தோரணையில் ஒயரை அவள் பக்கம் நீட்டியது.

ஓர் பதிமூணு பதிமூணு. ஈர் பதிமூணு இருபத்தாறு.

“எனக்கு வேண்டாம்டா! நான் கைராசிக்காரி, தொட்டா ஆஸ்பத்திரியே இருட்டாயிடும்!”

மூ பதிமூணு… மூ பதிமூணு…

தாடை நழுவத் தொடங்கியது.

“அண்ணி, வாங்கிக்குங்க! பிள்ளைய வாங்கிக்குங்க!”

நாத்தனார் என்ன ஏது என்று கேட்பதற்குள் குட்டி அவள் மார்பில் வந்து மோதியது. அடுத்த நொடி கோழி மடிந்து விழுந்தாள். கயிறறுந்த பொம்மை மாதிரி, சத்தமில்லாமல்.

“ஐயோ! டேய், உன் பொண்டாட்டி!”

“தண்ணி கொண்டாங்க!”

“காலைல சரியாச் சாப்பிடல டாக்டர், அதான் மயக்கம்!” ஓடி வந்த டாக்டரிடம் புருஷன் சொல்வது கோழிக்குக் கேட்டது. எல்லாமே கேட்டது. டாக்டர் அவள் கையைத் தூக்கி விட்டார், தொப்பென்று விழுந்தது. முழங்காலுக்குக் கீழே சின்னச் சுத்தியால் தட்டினார். கால் துள்ளவில்லை. டாக்டர் குனிந்து காதருகே வந்தார்.

“நான் பேசறது கேக்குதாம்மா? கேட்டா கண்ணை மட்டும் மேலயும் கீழயும் அசைங்க.”

கண்கள் அசைந்தன.

“இது மயக்கம் இல்ல,” என்றார் டாக்டர். “நினைவு முழுசா இருக்கு.”

“அப்ப நடிக்கிறாளா?” என்றாள் நாத்தனார். ஆனால் அந்தக் குரலில் பழைய சத்தம் இல்லை. குட்டியை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

கொஞ்ச நேரத்தில் விரல் அசைந்தது, அப்புறம் கழுத்து. புருஷன் தாங்கி உட்காரவைத்தான். “சாப்பிடாததுதானே? சொல்லு டாக்டர்கிட்ட. பட்டினியா இருந்தேன்னு சொல்லு,” என்று காதோடு கெஞ்சினான். விழுகிறவளிடம் அக்கா குட்டியை விடமாட்டாள் என்ற பயம்.

சொல்லியிருக்கலாம். தலையாட்டினால் போதும். கோழி குட்டியைப் பார்த்தாள். அடுத்த தரம் ‘வாங்கிக்குங்க’ என்று கத்த எதிரே ஆள் இல்லாமல் போனால்?

“டாக்டர், காலைல இவரு சொன்னாரே, நான் விழுந்து விழுந்து சிரிப்பேன்னு.”

“ஆமா.”

“அது பேச்சுக்குச் சொன்னது இல்ல. நான் நிஜமாவே விழுவேன்.”

டாக்டர் சுத்தியைக் கீழே வைத்தார். “நான் பேச்சுக்குன்னுதான் நினைச்சேன்,” என்றார் மெதுவாக. “கேட்டது நான். பதிலும் வந்துச்சு. என் காதுலதான் ஏறல.”

“நானே பார்த்திருக்கேனே!” புருஷன் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். “எத்தனை தடவை! இவ கீழ விழுந்து கிடப்பா, நான் பக்கத்துல உக்காந்து இன்னும் ரெண்டு ஜோக் சொல்லுவேன் டாக்டர். நம்ம ஜோக்கு அவ்வளவு நல்லா இருக்குன்னு…”

“உன் ஜோக்குக்கு எவ சிரிப்பா? அப்பவே சந்தேகப்பட்டிருக்கணும்டா நீ,” என்றாள் நாத்தனார்.

அப்புறம் கோழி எல்லாவற்றையும் சொன்னாள். தும்மல், மெத்தை, வாய்ப்பாடு. சொல்லும்போது யார் முகத்தையும் பார்க்கவில்லை.

டாக்டர் விளக்கினார். “நமக்கெல்லாம் தூக்கம் படிப்படியா வரும். முதல்ல லேசா, அப்புறம் ஆழமா, ஒன்றரை மணி நேரம் போல ஆனப்புறம்தான் கனவுத் தூக்கம். கனவுல ஓடினா நிஜமாவே எழுந்து ஓடிடக் கூடாதுன்னு மூளை அப்ப உடம்புக்குத் தாழ்ப்பாள் போட்டுடும். இவங்களுக்குப் படி எல்லாம் கிடையாது, கண்ணை மூடினதும் நேரா கனவுதான். இன்னைக்கு நாலு தடவையும் அப்படித்தான். முழிச்சிருக்கும்போது சிரிப்பு வந்தா, அந்தத் தாழ்ப்பாள் தப்பா விழுந்துடுது. இது சோம்பல் இல்ல. நார்கோலெப்சின்னு பேரு.”

“குணமாகுமா?”

“முழுசாப் போகாது. மருந்தால அடக்கி வைக்கலாம். பால் குடுக்கிறாங்க, அதனால மருந்தை யோசிச்சுத்தான் தரணும். பகல்ல குறிச்ச நேரத்துல தூங்கிடணும். பிள்ளைய நின்னுக்கிட்டுத் தூக்கக் கூடாது, தனியாக் குளிப்பாட்டக் கூடாது. தரையில உக்காந்து என்ன வேணும்னாலும் செய்யலாம்.”

“அப்ப பிள்ளை?” என்றாள் கோழி.

“அது உங்க வீட்டுல பேச வேண்டியது. கூட ஒரு ஆள் இருக்கணும், அவ்வளவுதான் நான் சொல்வேன்.”

எல்லோரும் நாத்தனாரைப் பார்த்தார்கள். அவள் குட்டியின் கையிலிருந்து சிவப்பு ஒயரை விடுவிக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“விழறதுக்கு முன்னாடி குடுத்துட்டாளே,” என்றாள், யாரிடம் என்று தெரியாமல். “வாங்கிக்குங்கன்னு கத்தினா. அதுக்கு அப்புறம்தான் விழுந்தா.” பிறகு திடீரென்று நிமிர்ந்தாள். “இன்னும் ஒரு தூக்கம் பாக்கி இருக்குல்ல? போ, போய்த் தூங்கு. சென்டம் விட்டுடாதே.”

சாயங்காலம் வீட்டுக்கு வந்தார்கள். தலையில் பசை காய்ந்து முடி குச்சி குச்சியாக நின்றது. நாத்தனாரின் பெட்டி வாசலருகே கட்டியபடியே இருந்தது. கோழி அதைப் பார்ப்பதும் பார்க்காத மாதிரி இருப்பதுமாக இருந்தாள்.

நாத்தனார் தரையில் மெத்தையை விரித்தாள். நடுவில் குட்டியைக் கிடத்தினாள். நான்கு பக்கமும் தலையணை.

“உக்காரு.”

உட்கார்ந்தாள்.

“சிரி.”

“வரல அண்ணி.”

“ஏன், வாய்ப்பாடு ஓடுதா?”

“தானா ஓடுது.”

“ஓடட்டும். நான் இருக்கேன்ல. பாத்துட்டுத்தான் இருக்கேன்.” சொல்லிவிட்டு நாத்தனார் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, சண்டைக்கு நிற்கிற மாதிரி மெத்தை ஓரத்தில் குந்தினாள். பயம் அவளுக்குத்தான் அதிகம் என்று அப்போதுதான் தெரிந்தது.

குட்டி அம்மாவையே பார்த்தது. இத்தனை நாள் சுவர்ப் பக்கம் திரும்புகிற முகம் இன்று தன்னையே பார்க்கிறதே என்று அதற்கு அதிசயம். புருவத்தைத் தூக்கியது. கட்டைவிரலை வாய்க்குக் கொண்டுபோய், குறி தப்பி மூக்கில் விட்டுக்கொண்டது.

பதிமூணு எங்கோ போயிற்று.

சிரிப்பு கிளம்பியது, தாடை போனது, தலை குட்டியின் பக்கத்தில் மெத்தையில் சாய்ந்தது. காய்ந்த முடிக்குச்சியைக் குட்டி கைநிறையப் பிடித்துக்கொண்டு கெக்கலித்தது. அசைய முடியாமல் அதைக் கேட்டபடி கிடந்தாள் கோழி.

“விழுந்துட்டாடா,” என்றாள் நாத்தனார். “எவ்வளவு நேரம் ஆகும்? டேய், எவ்வளவு நேரம் ஆகும்?”

“வந்துடுவாக்கா. ஆஸ்பத்திரியில வந்தாள்ல?” அப்புறம் அவனே கேட்டான், “ஊருக்கு எப்பக்கா கிளம்புறே?”

“முதல்ல இவ எந்திரிக்கட்டும்டா.”