தெற்குச் சுவருக்கு உள்ளே

2013 பிப்ரவரி பதினொன்றாம் தேதி, மலையடிவாரத்துப் பழைய தேவாலயத்தின் தெற்குச் சுவர் இடிக்கப்பட்டது. நாற்பதடி தள்ளிப் புதுச் சுவர் எழுந்தது. அந்த ஏப்ரலில் தேவாலயத்துக்கு நூற்றைம்பது வயது நிறைந்தது.

புதுச் சுவரைப் பார்த்துத் தையல்காரி அளவுக்குப் பூரித்தவர் ஊரில் வேறு யாருமில்லை. பழைய சுவரின் வெளிப்புறத்தில் பத்தொன்பது வருஷமாக அவளுடைய முதல் பிள்ளை கிடந்தது. பிறந்து சற்று நேரம் மூச்சுவிட்டு அடங்கிப்போன ஆண் குழந்தை. ஞானஸ்நானம் பெறாததை சாமியார் மந்திரித்த கல்லறை மண்ணில் புதைக்க மாட்டார்கள். சிலுவையும் வைக்க மாட்டார்கள். இப்படி ஏழெட்டுக் குழந்தைகள் அங்கே இருந்தன. தன் பிள்ளையின் தலைமாட்டில் அவள் ஒரு கருங்கல்லை மட்டும் நட்டிருந்தாள்.

உயிர் போகும் நேரத்தில் யார் வேண்டுமானாலும் குழந்தையின் தலையில் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கலாம். அன்று அறையில் குடம் நிறையத் தண்ணீர் இருந்தது. அவளுடைய அண்ணன் அதைத் தாண்டிக்கொண்டு போய், சைக்கிளை எடுத்துச் சாமியாரைக் கூப்பிட ஓடினார். சாமியார் வந்தபோது குழந்தை குளிர்ந்திருந்தது.

"இனிமே நம்ம பிள்ளை உள்ளே," என்றாள் புருஷனிடம்.

அவன் லாரி ஓட்டுகிறவன். அதிகம் பேச மாட்டான். "சுவருதானே நகந்துச்சு, பிள்ளை நகரலயே."

"பிள்ளை ஏன் நகரணும்? சுவரே தேடி வந்துடுச்சு பாருங்க."

அந்த மகிழ்ச்சி விழாக் குழுக் கூட்டம் வரைக்கும்தான். பூசைக்கு உதவும் பையன்களின் அங்கிகளைத் தைத்து எடுத்துக்கொண்டு அவள் கூடத்துக்குள் போனபோது, அண்ணன் மேசைமேல் வரைபடத்தை விரித்து வைத்திருந்தார். ஊரில் பாதி வீடுகள் அவர் கட்டியவை. மேஸ்திரி என்றால் அவர்தான்.

"தெற்கு மூலையில கழிப்பறை. ஆம்பளைக்கு ஆறு, பொம்பளைக்கு ஆறு."

"முதல்ல அதக் கட்டுங்க," என்றார் குழுத் தலைவரான மில்காரர். "போன தடவை ஆயர் பாவம், பூசை முடியறவரைக்கும் அடக்கிட்டே நின்னாரு. பத்துக் கட்டளையும் சேந்து அவ்வளவு கஷ்டம் குடுத்திருக்காது."

எல்லாரும் சிரித்தார்கள். தையல்காரி அங்கிகளை நாற்காலியில் வைத்தாள்.

"அண்ணே, அங்க பிள்ளைங்க இருக்குதே."

"இருக்குதா?" என்றார் மில்காரர். "இந்நேரம் காலேஜுக்குப் போயிருக்கும்னுல்ல நெனச்சேன்."

இரண்டு பேர் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். ஒருவர் அடக்கவில்லை. பங்குச் சாமியார் இளைஞர், இரக்கமுள்ளவர். மெதுவாகச் சொன்னார்: "திருச்சபை இப்ப அப்படிச் சொல்றதில்லம்மா. அந்தக் குழந்தைங்க கடவுள்கிட்டதான் இருக்காங்க. வெறும் மண்ணுல என்ன இருக்கு?"

"அப்ப பீடத்துக்கு முன்னாடி இருக்கிற சாமியாருங்க கல்லறையையும் தோண்டிடலாமா ஃபாதர்?"

"வாய மூடு," என்றார் அண்ணன்.

அன்று மாலை அவர் வீட்டு வாசலில் போய் நின்றாள். தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்று நம்பித்தான் போனாள். பத்தடி தள்ளிக் கட்டச் சொன்னாள். "கழிவுத் தண்ணி மேட்டுல ஏறிப் போகுமா?" என்றார் அவர். அதன்பிறகு அவள் கேட்டது ஒன்றுதான். தோண்டும்போது தானும் இருக்க வேண்டும். கிடைப்பதைப் பொறுக்கிக் கல்லறைத் தோட்டத்தில் வைக்க வேண்டும்.

"சரி, சனிக்கிழமை காலைப் பூசை முடிஞ்சதும் வா," என்றார். அண்ணி காபி கொடுத்தாள். குடித்துவிட்டு வந்தாள்.

அங்கித் துணியில் மிஞ்சியதைக் கொண்டு ஒரு சின்னப் பை தைத்தாள். சனிக்கிழமை பூசையில் அவள் வாய் மட்டும்தான் செபம் சொன்னது. முடிந்ததும் முதல் ஆளாக வெளியே வந்து தெற்கு மூலைக்குப் போனாள். குழி தோண்டி முடிந்திருந்தது. சிமெண்டு உறைகளைக் கயிறு கட்டி இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

"நேத்தே பொக்லைன் கிடைச்சுடுச்சு," என்றார் அண்ணன், அவள் முகத்தைப் பார்க்காமல். "நீ பாத்தா தாங்க மாட்ட. உன் நல்லதுக்குத்தான்."

"ஏதாச்சும் இருந்துச்சா?"

"மண்ணு இருந்துச்சு."

"கல்லு?"

"அஸ்திவாரத்துல போட்டாச்சு."

"மண்ண எங்கண்ணே கொட்டினீங்க?"

"விழா மேடைக்கு அடியில. அங்க பள்ளமா கிடந்துச்சு. ஆயர் நிக்கற இடம். சந்தோஷப்படு, உன் பிள்ளைக்கு மேலதான் பூசையே நடக்கப்போகுது." வேலையாட்களைப் பார்த்து லேசாகச் சிரித்தார். அவர்கள் சிரிக்கவில்லை.

அவள் பையைச் சுருட்டி இடுப்பில் செருகினாள். "அன்னைக்கு ஒரு சொம்புத் தண்ணி ஊத்தியிருந்தா போதும்ணே."

அவர் இப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தார்.

"பத்தொன்பது வருஷமா அந்தச் சொம்பையே என் தலையில ஊத்திட்டு இருக்க. இன்னையோட தீர்ந்துச்சு. போ, வீட்டுக்குப் போ." பிறகு குழிப் பக்கம் திரும்பினார். "அடுத்த உறைய இறக்குங்கடா, நேரமாகுது."

விழா சிறப்பாக நடந்தது. முன்னோரை மறக்காத மக்கள் என்று ஆயர் பாராட்டினார். மேஸ்திரிக்கு மேடையில் கேடயம் கொடுத்தார்கள். அங்கி தைத்ததற்காகத் தையல்காரியின் பெயரையும் ஒலிபெருக்கியில் அழைத்தார்கள், அவள் போகவில்லை. அவளுக்குரியதை அண்ணனே வாங்கிக்கொண்டார்.

மறுவாரம் மேடையைப் பிரித்தார்கள். அடியிலிருந்த மண்ணை மில்காரர் லாரியில் ஏற்றிப்போய், மில்லுக்குப் பின்னாலிருந்த பள்ளத்தை நிரப்பிக்கொண்டார்.