எதிர்காற்று

இந்த விமான நிலையத்திலிருந்து அந்த விமான நிலையம் ஏழாயிரத்து அறுநூற்றைம்பது கிலோமீட்டர். மணிக்கு எண்ணூற்றைம்பது வேகம். விடை ஒன்பது மணி நேரம் என்று மருந்துக் கவரின் பின்பக்கம் மூன்றாவது முறையாக எழுதினாள் மகள். இல்லாத விமானத்துக்கு இத்தனை கணக்கு!

தம்பி கிளம்பவே இல்லை. வேலை அனுமதியைப் புதுப்பிக்கக் கொடுத்த பாஸ்போர்ட் அங்கே ஏதோ ஓர் அலுவலக மேஜையில் கிடக்கிறது. அப்பாவுக்கு இன்றைய பொழுது தாண்டாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். காலையில் அவர் தண்ணீர்கூட விழுங்காமல் வாயை இறுக்கிக்கொண்டபோது, "எட்டு மணி ஃப்ளைட்ல தம்பி ஏறிட்டான்பா" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டாள். மனிதர் இரண்டு ஸ்பூன் குடித்தார். அதோடு விட்டாரா? நாற்பது வருஷம் லாரி ஓட்டியவர். வண்டி எங்கே வருகிறது என்று தெரியாவிட்டால் அவருக்கு இருப்புக் கொள்ளாது.

"எங்க வர்றான்?"

"மணி ரெண்டுப்பா. அஞ்சாயிரத்து நூறு கிலோமீட்டர் வந்துட்டான்."

கண்ணை மூடியபடியே அப்பா உதட்டை அசைத்தார். கணக்குப் போடுகிறார்! "எட்டு மணின்னியே... அது அங்க எட்டா, இங்க எட்டா?"

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இங்க எட்டுப்பா. அங்க விடிகாலை நாலரை."

"ஒம்பது மணி நேரம்... அப்ப அஞ்சுக்கு எறங்கிருவான்."

அதன்பிறகு அவளால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. மடித்த துணியை உதறி மறுபடி மடித்தாள். மூடிய குழாயை மறுபடி மூடினாள். தெருவில் கார் நிற்கும் சத்தம் கேட்டாலே ஜன்னலுக்கு ஓடினாள். ஐந்து மணிக்கு யாரைக் கொண்டுவந்து அவர் முன்னால் நிறுத்துவது? மணி நான்கு அடித்ததும் பொறுக்க முடியாமல் கட்டிலருகே போனாள்.

"அப்பா, எதிர்காத்து பலமாம். ஒரு மணி நேரம் லேட்டாகுமாம்."

கோபப்படுவார் என்று நினைத்தாள்.

"ஆகும். எதிர்காத்துல எந்த வண்டியும் இழுக்காது." மூச்சு வாங்கினார். "அவசரப்பட வேணாம்னு சொல்லு. பாத்து வரட்டும்."

"சொல்றேன்பா."

நாலே முக்காலுக்கு மூச்சு நின்றது. கையைப் பிடித்துக்கொண்டிருந்தவளுக்கு முதலில் அழுகை வரவில்லை, அப்பாடா என்றிருந்தது. அப்படித் தோன்றியதற்காகத்தான் பிறகு தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

தம்பி போனை முதல் மணியிலேயே எடுத்தான். விஷயத்தைச் சொன்னாள்.

"என்னைக் கேட்டாராக்கா?"

"எங்க வர்றான்னு கேட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

காலையிலிருந்து அவனுக்காகச் சேர்த்துவைத்த வசவெல்லாம் எங்கே போயிற்றோ. "கடலைத் தாண்டிட்டான்னு சொன்னேன்."

"எத்தனை மணிக்கு எறங்குறதா சொன்ன?"

"ஆறு."

அவன் மூக்கை உறிஞ்சினான். "அப்ப ஆறு வரைக்கும் போனை வைக்காதக்கா."

அவள் போனை அப்பாவின் தலையணையில், காதோரமாக வைத்தாள். அறைக் கதவை மெல்லச் சாத்திவிட்டு வெளியே வந்து நின்றாள்.