மாப்பிள்ளை ஏறினால் இடதுபக்கம்

வெங்காய மூட்டை ஏறினால் நேராக ஓடுகிற வண்டி, மாப்பிள்ளை ஏறினால் மட்டும் ஏன் இடதுபக்கம் இழுக்கிறது என்பது சத்யபிரியாவுக்கு விளங்கவே இல்லை.

நத்தம் ரோட்டில் லேத் பட்டறை வைத்திருப்பவள் அவள். இரண்டாம் உலகப் போருக்காகச் செய்த அந்தச் சைடுகார் மோட்டார் சைக்கிளை வத்தலக்குண்டில் பழைய இரும்புக் கடையிலிருந்து வாங்கி, நட்டு நட்டாகப் பிரித்து ஓட வைத்திருந்தாள். தான் ஓட்ட வேண்டும், மாப்பிள்ளை சகாயராஜ் பக்கத்துத் தொட்டியில் உட்கார்ந்து வர வேண்டும், இருவரும் அப்படியே மாதா கோயில் வாசலில் இறங்கிக் கல்யாணம் செய்துகொள்ள வேண்டும் என்பது அவள் ஆசை. கோயிலில் மூன்று ஞாயிறும் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்தாகிவிட்டது. நாளைக்குக் கல்யாணம்.

"கோணாம ஓட்டிக் காட்டு தாயி. கோணுச்சுன்னா கார்தான்," என்று சொல்லிவிட்டார் அப்பா ஆரோக்கியதாஸ்.

கோயில் மைதானத்தில் ஓட்டிக் காட்டினாள். நேராகப் புறப்பட்ட வண்டி மெல்ல இடப்பக்கம் ஒதுங்கி, பங்குச் சாமியார் பங்களா கேட்டில் போய் நின்றது. திரும்ப ஓட்டினாள். திரும்பவும் அதே கேட்டு.

"மாப்ளைக்குச் சாமியார்கிட்டச் சொல்லாத பாவம், பாவசங்கீர்த்தனம் எதுவும் பாக்கி இருக்கோ?" என்றார் அப்பா. சகாயராஜ் சிரிக்கவில்லை.

காற்றுச் சரி. பேரிங் சரி. தரையும் சமம். சத்யபிரியா முதலிலிருந்து யோசித்தாள். போரில் இந்தத் தொட்டியில் துப்பாக்கியோடு ஒரு சிப்பாய் உட்கார்ந்திருப்பார். ஆள் ஏறினால் தொட்டியின் ஸ்பிரிங் அமுங்கும். வண்டி முழுக்க அந்தப் பக்கம் சாயும். சாய்ந்த பக்கமே ஓடப் பார்க்கும். ஆளில்லாமல் இடப்பக்கம் திருப்பினாலோ தொட்டி அந்தரத்தில் தூக்கிக்கொள்ளும். அதனால், ஏறப்போகிற எடையை ஏற்றி வைத்துத்தான் வண்டியை நிமிர்த்திப் பூட்ட வேண்டும். அவளும் அப்படித்தான் பூட்டினாள். ஓலை வாசித்த பிறகு மாப்பிள்ளையைப் பட்டறைக்குக் கூப்பிடக் கூடாது என்று வீட்டில் தடை. ஆகவே, பெண் பார்க்க வந்தபோது அவன் சொன்ன அறுபத்தெட்டு கிலோவுக்கு வெங்காயத்தை ஏற்றிப் பூட்டினாள்.

"செத்த நேரம் இறங்குங்க."

சகாயராஜ் இறங்கினான். அப்பாடா என்பது போலத் தொட்டி எழுந்தது, எழுந்துகொண்டே இருந்தது.

"இம்புட்டு எந்திரிக்குது!" என்று அப்பா வாயைப் பிளந்தார்.

மூட்டையை இறக்கியபோது இதில் முக்கால்வாசிதான் எழுந்தது. சத்யபிரியா ஸ்பிரிங்கைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

"எங்க அத்தைதான் அறுபத்தெட்டுன்னு சொல்லச் சொல்லுச்சு," என்றான் அவன். "கல்யாணத்துக்குள்ள குறைச்சிரலாம்னுதான் இருந்தேன் சத்யா. விடியுமுன்னயே பிரியாணி வாசம் அடிக்கிற ஊருல எப்படி?"

"இப்ப எம்புட்டு?"

"தொண்ணூத்தி ஒண்ணு."

"ஏத்தா, அரை மூட்டை கூடுதலா வந்திருக்கு. நமக்கு லாபந்தான்," என்றார் அப்பா.

"ஒரு நாள்ல எப்படிக் குறைக்கிறது?" என்றான் சகாயராஜ். "கார்லயே போயிருவமா?"

"உங்களை யாரு குறைக்கச் சொன்னா? ஏறி உக்காருங்க."

அவன் உட்கார்ந்தான். மோட்டார் சைக்கிளையும் தொட்டியையும் இணைக்கும் மேல்கம்பிகளின் நட்டுகளைத் தளர்த்தினாள். இடப்பக்கம் சாய்ந்திருந்த மோட்டார் சைக்கிளை நிமிர்த்தி, வலப்பக்கம் இம்மியளவு சாய்த்து நிறுத்தினாள். தொட்டிச் சக்கரத்தின் முன்பக்கத்தை ஒரு விரற்கடை உள்ளே திருப்பினாள். எல்லாவற்றையும் இறுக்கினாள்.

வண்டி பங்களா கேட்டைத் திரும்பியும் பார்க்காமல் மைதானத்தின் மறுகோடிவரை நேராகப் போனது. கார் வேண்டாம் என்று சொல்ல அப்பா போனை எடுத்தார்.

வழி இதுதான்: உட்காரப்போகிறவரையே உட்கார வைத்து, அவருடைய உண்மையான எடைக்கு வண்டியை நிமிர்த்திப் பூட்ட வேண்டும்.