நாலு ஒன்பதா, ஐந்தா?

மாடியில் மைத்துனன், கீழே அத்தான். இருவருக்கும் பேச்சு நின்று ஒரு மழைக்காலமே கழிந்துவிட்டது. ஆனால் உலகத்தின் பார்வையில் அவர்களைப் போல ஒற்றுமையான ஜோடி கிடையாது.

காரணம், ‘தூண்’. ஜாவா என்ற கணினி மொழியில் இணையதளம் கட்டுகிறவர்களுக்கு அஸ்திவாரம் போட்டுக் கொடுக்கும் ஃபிரேம்வொர்க் அது. யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், குறை சொல்லலாம். மூன்றாவதை மட்டும் யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. அலுவலகம் விட்டு வந்து அத்தான் எழுத ஆரம்பித்தது; மனைவியின் தம்பி படிப்பை முடித்ததும் கூடச் சேர்ந்துகொண்டான். இப்போது அதைப் பராமரிப்பது இவர்கள் இருவர்தான்.

புழக்கத்தில் இருந்த 4.8-க்கு அடுத்த வெளியீட்டைத் திட்டமிடும்போதுதான் சண்டை வந்தது. அத்தானுக்கு முதலில் 4.9 வர வேண்டும்: பழைய பாகங்கள் அப்படியே இருக்கும், ‘இவை விரைவில் போய்விடும்’ என்று எச்சரிக்கை மட்டும் காட்டும். ஐந்து அதற்குப் பிறகு, சாவகாசமாக. மைத்துனனுக்கோ நேராக ஐந்து. பழசையெல்லாம் வெட்டி எறிந்துவிட்டுப் புதிய ஜாவாவுக்குப் போய்விட வேண்டும்.

“படிவம் நிரப்புறதுக்குன்னு நீங்க எழுதின அந்த ஃபார்ம் பகுதி ஆடுற பல்லு மாதிரி, அத்தான். மெல்லவும் உதவாது, பிடுங்கவும் விடமாட்டேங்கறீங்க” என்றான் சாப்பாட்டு மேசையில்.

“உனக்குப் பல்லு முளைக்காத காலத்துல அதைப் பார்த்துத்தான் நீயே கத்துக்கிட்ட” என்றார் அத்தான்.

அன்றோடு பேச்சு நின்றது. திட்டமிடல் நிற்குமா? அது இணையத்தில் எல்லோரும் படிக்கும் பொதுக் குழுவுக்கு இடம் மாறியது. ‘மதிப்பிற்குரிய சக பராமரிப்பாளரின் கருத்தில் உள்ள ஆழத்தை உணர்கிறேன், எனினும்...’ என்று கீழேயிருந்து ஒன்று போகும். ‘தங்கள் பொறுமைக்கு நன்றி; ஆயினும்...’ என்று மாடியிலிருந்து பதில் இறங்கும். மேலே நாற்காலி தரையில் இழுபடும் சத்தம் கேட்டால், வரப்போகும் பதிலில் காரம் கூடுதல் என்று அத்தானுக்குத் தெரிந்துவிடும். முன்பின் தெரியாத பயனர்கள் இதைப் படித்து உருகினார்கள். கருத்து வேறுபாட்டை நாகரிகமாகக் கையாள்வது எப்படி என்று ஒரு மாநாட்டில் சேர்ந்து பேசச் சொல்லி அழைப்பே வந்தது. இருவரும் தனித்தனியாக ‘வேலை அதிகம்’ என்று மறுத்தார்கள். அதில் மட்டும் கருத்து ஒற்றுமை.

பொறுமை இழந்தது நடுவில் மாட்டிக்கொண்ட மனைவிதான். பள்ளியில் கால அட்டவணை போடுகிறவள். ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காத ஆசிரியர்களைப் பக்கத்துப் பக்கத்து வகுப்பில் அடைத்துப் பழகியவள். ஒரு ஞாயிறு மத்தியானம் மாடிப்படியின் நடுவில் உட்கார்ந்துகொண்டு, இரண்டு பக்கமும் கேட்கும்படி சொன்னாள்.

“நாலு ஒன்பதைத் தம்பி வெளியிடட்டும். அஞ்சை நீங்க வெளியிடுங்க. ஒருத்தர் வேலையில இன்னொருத்தர் மூக்கை நுழைக்கக் கூடாது. இல்லேன்னா சமையலையும் ரெண்டு வெளியீடாப் பிரிச்சுடுவேன்.”

“தலைகீழா இருக்கே” என்றார் அத்தான்.

“நேரா இருந்தப்ப மட்டும் என்ன வாழ்ந்துச்சாம்?”

அத்தான் அரை மனதோடுதான் கத்தரியை எடுத்தார். தன் கையால் எழுதிய ஃபார்ம் பகுதியை நீக்கியதும், தூணின் சோதனை ஓட்டங்கள் முன்பைவிட வேகமாக முடிந்தன. ருசி கண்ட பூனையாகிவிட்டார். மறுநாள் இன்னொன்றை வெட்டினார். வாரம் போவதற்குள், மைத்துனன் ஆசை ஆசையாகச் சேர்த்திருந்த பகுதிக்கும் குறி வைத்தார்.

மாடி நிலவரம் மனைவி வழியாக வந்தது. எச்சரிக்கைச் செய்தி எழுத உட்கார்ந்தவன், பழைய பாகங்களை நம்பி எத்தனை பேர் பிழைப்பு நடத்துகிறார்கள் என்று பார்க்கப் போய் மனம் இளகிவிட்டானாம். பழசிலேயே பிழை திருத்துகிறானாம், மெருகேற்றுகிறானாம். பொதுக் குழுவிலும் எழுதினான்: ‘இவ்வளவு அவசரமாக ஐந்துக்குத் தாவுவது பயனர்களுக்குச் செய்யும் துரோகம்.’

‘தேங்கிய நீரில் பாசிதான் படியும்’ என்று அத்தான் பதில் போட்டார்.

மனைவி இரண்டையும் படித்துவிட்டு, எதை யார் எழுதியது என்று பெயர்களை மறுபடி ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

போட்டா போட்டியில் இரண்டும் ஒரே நாளில் வெளிவந்தன. வாழ்த்துகள் குவிந்தன; இறக்கிக்கொண்டவர்கள்தான் இல்லை. எல்லோரும் 4.8-லேயே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ‘இரண்டில் எது என்று நீங்கள் முடிவுசெய்யும்வரை காத்திருக்கிறோம்’ என்று ஒருவர் பணிவாக எழுதியிருந்தார்.

மறுநாள் காலை இருவருக்கும் மட்டும் ஒரு ரகசியத் தகவல் வந்தது. 4.8-இல், உள்ளே நுழைகிறவரின் கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் இடத்தில் ஓட்டை. அதை அடைக்கும்வரை வெளியே மூச்சுவிடக் கூடாது. விட்டால் திருடனுக்கு வழி காட்டியதாகிவிடும்.

மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது. மைத்துனன் மடிக்கணினியும் கையுமாக அறை வாசலில் நின்றான்.

“இதைக் குழுவுல எழுத முடியாது, அத்தான்.”

“தெரியும். உக்காரு.”

நாற்காலியை இழுக்காமல் தூக்கிப் போட்டு உட்கார்ந்தான். ஓட்டை இருந்த வரிகளை இருவரும் கொஞ்ச நேரம் பார்த்தார்கள். ஒரு வரி இவருடையது, அடுத்த வரி அவனுடையது.

“ஓட்டையை அடைச்சு நாலு எட்டு ஒண்ணுன்னு போட்டுடலாமா?” என்றான்.

“போடலாம். அதுக்கப்புறம் நாலு எட்டு ரெண்டுல என்ன பண்ணலாம்னா...”

“முதல்ல ஒண்ணை முடிங்க” என்றாள் மனைவி, சமையலறையிலிருந்து.