பலகை இடுக்குத் தூசி

நெவில் கிராஸ்லியின் வலது முட்டியை அறியாதவர் அந்த ஊரில் கிடையாது. பேருந்தில் ஏறினால் நடத்துனர் முகத்தைப் பார்ப்பதற்கு முன் காலைத்தான் பார்ப்பார். ரொட்டிக் கடையில் குசலம் விசாரிப்பதும் அந்த முட்டியைத்தான்.

இருபது வயதில் அவன் கால்பந்து மைதானத்தின் வலது ஓரமாகப் பந்தைக் கொண்டு போனால் எதிரணிக்காரன் சேற்றில் உட்கார்ந்துவிடுவான். தேசிய அணிக்கு ஆள் பொறுக்குகிறவர் தொப்பியும் கையுமாக வந்து உட்கார்ந்த அந்தச் சனிக்கிழமைதானா முட்டி திருகிக்கொள்ள வேண்டும்? உள்ளே இருந்த ஜவ்வை எடுத்தார்கள். திரும்பி வந்தான். கணுக்கால் போயிற்று. திரும்பி வந்தான். மறுபடியும் முட்டி. என்ன செய்வது, சிலருக்குத் தன் உடம்பே சக்களத்தியாக வாய்த்துவிடுகிறது.

மைதானத்தில் நின்று பார்க்கிற கூட்டம் அவனுக்குப் ‘பீங்கான்’ என்று பேர் வைத்திருந்தது. கேலிதான். ஆனால் அவன் ஓடத் தொடங்கினால் அதே வாய்கள் மூச்சை அடக்கிக்கொள்ளும்.

அவன் ஏங்கியது கோலுக்குக்கூட இல்லை. உடை மாற்றும் அறை, மரத்தாலான பழைய பார்வையாளர் மாடத்துக்கு நேர் கீழே இருந்தது. மூன்று மணிக்கு ஆட்டக்காரர்கள் வரிசையாக வெளியே கிளம்பும்போது மேலே இருப்பவர்கள் பலகையைக் காலால் இடிப்பார்கள். அது அந்த ஊர் வழக்கம். அப்போது பலகை இடுக்கிலிருந்து தூசி கொட்டும். வரிசையில் நிற்பவன் தலையில் விழுந்தால் அது பூச்சொரிந்த மாதிரி. பக்கத்து அறையில் சிகிச்சை மேஜையில் கிடப்பவன் மேல் விழுந்தால் வெறும் தூசி. இரண்டு ஆட்டப் பருவமாக நெவிலுக்கு வெறும் தூசிதான் கிடைத்தது.

இன்றைக்குக் கோப்பைப் போட்டி. லண்டனிலிருந்து பெரிய அணி வருகிறது. வால்டர் சரி என்று சொன்னால் நெவில் ஆடலாம், இல்லையென்றால் இல்லை என்று மேலாளர் சொல்லிவிட்டார். வால்டர், ஈரப் பஞ்சும் வாளியுமாக மைதானத்துக்குள் ஓடி அடிபட்டவர்களைக் கவனிக்கிற ஆள். ஒரு காலத்தில் தடுப்பாட்டக்காரர். இப்போது அவருடைய கால்கள் இரண்டும் வளைந்து, நடுவில் ஒரு நாய் புகுந்து போகலாம் போல இருக்கும்.

காலையில் மனைவி மாரீன் முட்டையும் ரொட்டியும் வைத்தாள். அவன் காலொடிந்து விழுவதைப் பார்க்க முடியாது என்று மைதானத்துக்கே வராமல் இருந்தவள். காலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

“பச்சைக் கோட்டு போட்டுக்கவா, கறுப்பா? மாடத்துல குளிருமே” என்றாள்.

அவன் ரொட்டியைத் தட்டிலேயே வைத்துவிட்டு, “பச்சை” என்றான்.

மாடத்துக்குப் பின்னால் கரித்தூள் பரப்பிய வெளியில் சோதனை நடந்தது. ஓடச் சொன்னார், ஓடினான். திரும்பச் சொன்னார், இடது காலை ஊன்றியே திரும்பினான். வால்டர் அதைப் பார்த்தும் பார்க்காதவர் போல இருந்தார். கடைசியில் பந்து. அதை நடுவில் வைத்து, இருவரும் ஒரே நேரத்தில் உள்பாதத்தால் முழு பலத்தோடு அடிக்க வேண்டும். கால் தாங்கினால் ஆடலாம். அதற்கு மேல் மருத்துவமும் கிடையாது, பேச்சும் கிடையாது.

அடித்தார்கள். பந்து அசையாமல் நின்றது.

“இரும்பு மாதிரி இருக்கு. போ, நான் மேலாளர்கிட்ட சொல்லிடறேன்” என்றார் வால்டர், தரையைப் பார்த்துக்கொண்டு.

நெவில் உள்ளே போனான். கொக்கியில் அவனுடைய ஏழாம் எண் சட்டை தொங்கியது. அதைத் தொட்டான். துவைத்த சோப்பு வாசனை. தொட்ட கையை எடுக்க மனம் வரவில்லை. ஆனால் அவன் பாதத்துக்குத் தெரிந்திருந்தது: பந்தின் மறுபக்கம் வந்து பட்டது வால்டரின் முழு பலம் இல்லை, பூனையின் கால்.

போன முறை அவன் விழுந்தபோது, இருந்த ஒரே மாற்று ஆட்டக்காரரும் ஏற்கெனவே உள்ளே வந்திருந்தார். மீதி ஆட்டத்தைப் பத்துப் பேராக ஆடித் தோற்றார்கள். யாரும் அவனை ஒன்றும் சொல்லவில்லை. கோல்காப்பாளன் வந்து குனிந்து, அவன் பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துவிட்டுப் போனான். அது இன்னும் ஆறவில்லை.

சட்டையை விட்டுவிட்டு வெளியே வந்தான். வால்டர் பந்தைக் கையில் வைத்தபடி அங்கேயே நின்றிருந்தார்.

“இன்னொரு தடவை அடிங்க.”

“அதான் பாத்தாச்சே.”

“காலைப் பின்னால இழுத்துக்கிட்டீங்க.”

“கிழவன் கால் அவ்வளவுதான் போகும், தம்பி.”

“போன வாரம் அந்தச் சின்னப் பையன் டெரிக்குக்கு இதே சோதனை வச்சப்ப அவன் அவங்கம்மாவைக் கூப்பிட்டான்.”

வால்டருக்குச் சிரிப்பு வந்து, வந்த வழியே போய்விட்டது. “ஒரு மேட்ச்தானே. ஒரு மணி நேரம் தாங்கும்டா.”

“தாங்கலேன்னா? மறுபடி பத்துப் பேரா?”

அவர் பந்தைக் கீழே வைத்தார்.

“நல்லா அடிங்க, வால்டர்.”

இந்த முறை அடித்தார். சத்தம் பெரிதாக எதுவும் வரவில்லை. நெவில்தான் கரித்தூளில் உட்கார்ந்திருந்தான். வால்டர் முதுகைத் திருப்பிக்கொண்டு வெகுநேரம் மூக்கைச் சிந்தினார்.

“எனக்குப் பதிலா ஆடணும்னு டெரிக்கிட்ட நானே சொல்றேன். பயத்துல கக்கூஸ்ல வாந்தி எடுத்துட்டிருப்பான்” என்றான் நெவில். அப்படியே நொண்டிப் போய் ஏழாம் எண் சட்டையைத் தன் கையாலேயே எடுத்து டெரிக்கிடம் கொடுத்தான்.

மூன்று மணிக்கு முட்டியில் பனிக்கட்டிப் பையோடு மேஜையில் படுத்திருந்தான். வாளியோடு கிளம்பிய வால்டர் திரும்பி வந்து அவன் முகத்தில் ஒரு துண்டைப் போட்டார்.

“தூசி விழும், மூடிக்கோ. மாரீன்கிட்ட சொல்லிட்டேன்.”

“வீட்டுக்குப் போயிட்டாளா?”

“எங்க போறா? பச்சைக் கோட்டு போட்டுக்கிட்டு உன் தலைக்கு நேர் மேலதான் உட்கார்ந்திருக்கா.”

வெளியே பூட்ஸ் ஆணிகள் கல்தரையில் உரசிக்கொண்டு போயின. ஒரு கணம் எல்லாம் அடங்கியது. பிறகு மேலே முதல் பாதம் பலகையில் விழுந்தது. அப்புறம் எல்லாப் பாதங்களும்.

நெவில் முகத்திலிருந்த துண்டை எடுத்துவிட்டான்.