முப்பத்தேழு முறை வேலி தாண்டிய கல்

ஆய்வகத்தில் எல்லோரும் அவளைக் கோலியக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். நாள் முழுக்க அவள் கணினித் திரையில் உருண்டைகள் முட்டிக்கொண்டே இருக்கும். அடுத்து எந்த இரண்டு எப்போது மோதும் என்று கணக்குப் போட்டு, இடைப்பட்ட நேரத்தை விட்டுவிட்டு நேராக அந்தக் கணத்துக்கே தாவிவிடும் அவள் எழுதிய நிரல்.

இந்த முறை உருண்டைகள் கருங்கற்கள். கல்லுடைக்கும் ஆலையில், கற்கள் சரிந்து விழும் தொட்டியருகே நின்ற தொழிலாளி தலையில் கல் பட்டு இறந்துபோனார். வேலிக்கு மேல் தலையை நீட்டினார் என்று ஆலைக்காரர்கள் சாதித்தார்கள். கல் தானாக வேலியைத் தாண்டுமா என்று விசாரணை அதிகாரி அவளிடம் கேட்டிருந்தார்.

ஆயிரம் முறை ஓட்டிப் பார்த்தாள். முதல் கல்லை மயிரிழை நகர்த்தி வைத்தால் போதும், இருபது மோதலுக்குள் எல்லாமே தலைகீழாகிவிடும். முப்பத்தேழு முறை ஒரு கல் துள்ளி வேலியைத் தாண்டியது.

ஒரு மத்தியானம் இறந்தவரின் மனைவி ஆய்வகத்துக்கே வந்துவிட்டாள்.

“வீட்ல கேஸ் அடுப்பு பத்தவைக்கவே பயப்படுவாரு மேடம். அவரா தலைய நீட்டுவாரு? உங்க மெஷின்ல என்ன தெரியுது?”

“அவரு இதுல இல்லம்மா. கல்லு மட்டும்தான்.”

மனசு கேட்காமல் கோலியக்கா அந்த முப்பத்தேழில் ஒன்றை ஓட்டிக் காட்டினாள். கல் வேலியைத் தாண்டியதும் அந்தப் பெண் எழுந்தே விட்டாள்.

“இதான் மேடம்! இத மட்டும் குடுங்க, போதும்.”

“மத்ததையும் சேத்துத்தான் குடுக்கணும்மா. இதான் நடந்துச்சுன்னு என்னால சொல்ல முடியாது.”

அந்தப் பெண் திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டாள்.

‘கல் தாண்டக்கூடும், அன்று தாண்டியதா என்று சொல்ல இயலாது’ என்று கோலியக்கா அறிக்கை கொடுத்தாள். அதிகாரியின் தீர்ப்பில் அதன் பின்பாதி மட்டுமே இருந்தது. தவறு இறந்தவர்மேல் விழுந்தது.

அதிகாரிக்குப் போன் போட்டாள். “வேலியயாவது உயர்த்தச் சொல்லுங்க சார்.”

“நூத்துக்கு நாலுகூட வரலியேம்மா. இதுக்கெல்லாம் உத்தரவு போட முடியுமா?”

இருப்புக் கொள்ளாமல் அடுத்த வாரம் ஆலைக்கே போனாள். வேலி அதே உயரம். அதே இடத்தில் புதிய ஆள் ஒருவர் நின்றிருந்தார்.

“கொஞ்சம் தள்ளி நில்லுங்கண்ணே,” என்று கத்தினாள்.

“தள்ளி நின்னா பட்டன் எட்டாதும்மா,” என்று சிரித்தவர், திரும்பிப் பட்டனை அழுத்தினார்.

கற்கள் இறங்கத் தொடங்கின.