ஷாருலுக்குப் போன கித்தார்

யோகேந்திரனின் கித்தாரைக் கேட்டு வந்தவன் புவனேஸ்வரன். இருவரும் கோலா கெத்தில் என்ற ஊரின் தோட்டப் பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். வளர்ந்த பிறகு ஒரே இசைக்குழுவில் கெடா மாநிலம் முழுக்கக் கல்யாண மண்டபங்களிலும் கோயில் திருவிழாக்களிலும் வாசித்தவர்கள். புவனேஸ்வரன் கீபோர்ட், யோகேந்திரன் கித்தார்.

போன வருடம், வேலை பார்த்த செம்பனை எண்ணெய் ஆலையில், பழக்குலை ஏற்றும் ஓடுபட்டையில் சிக்கி யோகேந்திரனின் இடது முழங்கை நசுங்கியது. எலும்பு கூடிவிட்டது; நரம்பு கூடவில்லை. மோதிர விரலும் சுண்டு விரலும் மரத்தே கிடந்தன. ஆலையில் அவனை எடைமேடை அறைக்கு மாற்றினார்கள். லாரி வரும், எடை போடுவான், லாரி போகும். குழு அவனுக்காகக் கொஞ்ச நாள் காத்திருந்தது. பிறகு லூனாஸிலிருந்து ஷாருலைச் சேர்த்துக்கொண்டது.

புவனேஸ்வரன் பாக்கார் ஆராங்கில் இருந்த யோகேந்திரன் வீட்டுக்கு வந்து, தேநீரைக் குடித்து முடித்து, மற்ற பேச்செல்லாம் தீர்ந்த பிறகுதான் வாயைத் திறந்தான்.

“யோகா, ஷாருல் நல்லா வாசிக்கிறான்லா. அவன் கித்தாருதான் சரியில்ல, சவுண்டே நிக்க மாட்டேங்குது. ஒன்னோடது சும்மாதானே கெடக்கு…”

யோகேந்திரனின் மனைவி லோகேஸ்வரி சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்துவிட்டாள். “அண்ணே, இவரு கையே இன்னும் சரியாகல. அதுக்குள்ள கேக்க எப்படிண்ணே மனசு வந்துச்சு ஒங்களுக்கு?”

புவனேஸ்வரன் தலை குனிந்துகொண்டான். யோகேந்திரன் எழுந்து உள்ளே போய், கித்தாரை உறையோடு கொண்டு வந்து அவன் பக்கத்தில் சாய்த்து வைத்தான்.

“எடுத்துக்கிட்டுப் போ.”

அதைச் சொல்லும்போது நெஞ்சுக்குள் ஏதாவது ஆகும் என்று எதிர்பார்த்தான். ஒன்றும் ஆகவில்லை. காரின் பின்னிருக்கையில் கித்தாரைப் படுக்கவைத்துவிட்டுப் புவனேஸ்வரன் போனான். யோகேந்திரன் வாசற்கதவைச் சாத்திவிட்டு வந்து தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்தான்.

“கோவமாச்சும் படுங்களேன்,” என்றாள் லோகேஸ்வரி.

“வரலையே லோகா,” என்றான். உண்மையைத்தான் சொன்னான்.

அடுத்த வாரம் ஷாருல் அதே கித்தாரோடு வந்து நின்றான். அவன் அப்பா அப்துல் சமது லூனாஸில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். அங்கிருந்து பிளாஸ்டிக் பையில் கட்டிய மீன் கறியும் கொண்டு வந்திருந்தான். லோகேஸ்வரி அதை வாங்கி உள்ளே வைத்தாளே தவிர முகம் கொடுத்துப் பேசவில்லை.

“அண்ணே, கித்தாரு சூப்பர். ஒரே ஒரு விஷயம்தான். புதுப் பாட்டுக்கெல்லாம் நல்லா கனமா நிக்கிது. பழைய பாட்டுக்கு மெல்லிசா, மணி மாதிரி வேணும். காயில் ஸ்ப்ளிட் போட்டா வரும்னாங்க.” தயங்கினான். “கடையில குடுத்திருக்கலாம்லா. ஆனா இது ஒங்க கித்தாரு. ஒங்களக் கேக்காம யாரும் கை வைக்கக் கூடாது.”

கித்தாரின் கம்பிகளுக்கு அடியில் இருக்கும் பிக்கப்பில், முடியைவிட மெல்லிய செப்புக் கம்பியைச் சுற்றிய இரண்டு காயில்கள் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கும். இரண்டும் சேர்ந்து ஒலித்தால் சத்தம் தடித்து வரும். ஒன்றில் ஏறும் மின்சார இரைச்சலை மற்றது அடித்துவிடும். இரண்டும் சேரும் முடிச்சிலிருந்து ஒரு வயரை இழுத்துத் தரை வயரோடு, அதாவது எர்த்தோடு, இணைத்தால் ஒரு காயில் ஊமையாகிவிடும். சத்தம் மெலியும், பளிச்சென்று வரும். ஆனால் இரைச்சலை அடக்க ஆள் இருக்காது.

“ஒன்ன அமத்திட்டா ‘உம்ம்’னு ஒரு சத்தம் வரும், தெரியும்ல?”

“கொஞ்சம் வந்தா பரவால்லண்ணே.”

“வச்சிட்டுப் போ. முடிச்சிட்டுக் கூப்புடுறேன்.”

ஞாயிற்றுக்கிழமை காலை, கார் நிறுத்தும் முன்புறத்தில் மேசை போட்டு வேலையைத் தொடங்கினான். பின்மூடியைத் திறந்தான். பழைய வால்யூம் குமிழைக் கழற்றி, மேலே இழுத்தால் ஸ்விட்ச் போல் மாறும் புதுக் குமிழைப் பொருத்தினான். இரண்டு காயில்களின் முனைகளையும் முன்பு அவனே முறுக்கி டேப் சுற்றி வைத்திருந்தான். டேப்பைப் பிரித்து, அந்த முடிச்சை இடது கையால் பிடித்துக்கொண்டு, வலது கையால் ஈயம் உருக்கும் சூடான சோல்டரிங் கம்பியை வைத்தான். ஈயம் உருகியது.

“என்னா கருகுது?” என்று கேட்டுக்கொண்டே லோகேஸ்வரி வெளியே வந்தாள்.

அவனுக்கும் வாடை தெரிந்திருந்தது. ஈயத்தின் வாடை என்று நினைத்திருந்தான். குனிந்து பார்த்தான். சூடான சோல்டரிங் கம்பியின் பக்கம் அவன் சுண்டு விரல்மேல் படிந்திருந்தது. தோல் வெள்ளையாக வெந்து சுருங்கியிருந்தது.

அவள் அவன் கையை இழுத்துக்கொண்டு போய்க் குழாய்த் தண்ணீரில் பிடித்தாள். தண்ணீர் ஓடிக்கொண்டேயிருந்தது. அவள் அழுதாள்.

“வலிக்கல லோகா. ஒண்ணும் தெரியல.”

“அதுக்குத்தான் அழுவுறேன்.”

கட்டுப் போட்ட பிறகு மிச்சமிருந்த இணைப்பையும் போட்டு முடித்தான். ஆம்ப்ளிஃபயரில் சொருகி, இடது கையை மடியில் வைத்துக்கொண்டு, வலது கையால் மட்டும் வெறும் கம்பிகளைத் தட்டினான். குமிழ் கீழே இருக்கும்போது தடித்த சத்தம். இழுத்தால் மெல்லிய சத்தம். சரியாக இருந்தது. ஷாருலைக் கூப்பிட்டுக் கொடுத்தனுப்பினான்.

சனிக்கிழமை சுங்கை பட்டாணியில் ஒரு கல்யாண விருந்து. மதியத்துக்கு மேல் ஷாருல் போன் அடித்தான்.

“அண்ணே, இங்க மண்டபத்துல குமிழ இழுத்தா ஒரே இரைச்சல்ணே. மேட வெளக்கப் போட்டா இன்னும் மோசம். பாட்டே கேக்க மாட்டேங்குது. என்னா செய்றதுலா?”

யோகேந்திரன் சோல்டரிங் கம்பியையும் ஒரு சின்ன ரெசிஸ்டரையும் பையில் போட்டான். லோகேஸ்வரி கார்ச் சாவியை எடுத்தாள். “நானும் வர்றேன். தனியா வுட மாட்டேன்.”

மேடைக்குப் பின்னால், நாற்காலிகள் அடுக்கிய இடத்தில் கித்தாரைக் குப்புறப் போட்டான். அவன் இடது கையை நீட்டுவதற்குள் அவள் அதைத் தள்ளிவிட்டாள்.

“எந்த வயர்னு சொல்லுங்க. நான் புடிக்கிறேன். நீங்க சூடு வைங்க.”

அவள் பிடித்தாள், கண்ணைப் பாதி மூடிக்கொண்டு. முடிச்சுக்கும் தரை வயருக்கும் நடுவில் ரெசிஸ்டரை வைத்து இணைத்தான். இனி இரண்டாவது காயில் முழுதாக வாயை மூடாது, கொஞ்சம் முனகிக்கொண்டிருக்கும். அந்தக் கொஞ்சமே இரைச்சலைப் பாதிக்கு மேல் அடக்கிவிடும்.

ஷாருல் மேடையில் ஏறிக் குமிழை இழுத்து வாசித்தான். விளக்கைப் போடச் சொன்னான், அணைக்கச் சொன்னான். “அண்ணே, முன்னவிட இது நல்லாருக்குலா!” என்று மேடையிலிருந்தே கத்தினான்.

புவனேஸ்வரன் இறங்கி வந்து எதிரில் நின்றான். கட்டுப் போட்ட விரலைப் பார்த்தான். “சாப்ட்டுட்டுப் போ, யோகா. ரெண்டு பேரும்,” என்று மட்டும் சொன்னான். யோகேந்திரன் மனைவியைப் பார்த்தான். “இருப்போம்,” என்றாள் அவள்.

கடைசி வரிசையில் ஒரு மேசையில் உட்கார்ந்தார்கள். ஆட்கள் நிறைந்தார்கள், மாப்பிள்ளையும் பெண்ணும் வந்தார்கள், பாட்டுத் தொடங்கியது. இரண்டாவது பாட்டில் சரணத்துக்கு முன்னால் வரும் கித்தார் வரி யோகேந்திரன் கட்டியது. ஷாருல் அதை அப்படியே வாசித்து, முடியும் இடத்தில் மட்டும் தன் பங்குக்கு ஒரு வளைவு வைத்தான். லோகேஸ்வரி பாட்டைக் கேட்கவில்லை. புருஷன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வளைவு நன்றாகத்தான் இருந்தது. அது அவனுக்குத் தெரிந்தது. ஆனால் பொறாமையும் வரவில்லை, சந்தோஷமும் வரவில்லை. பக்கத்து மேசைக்காரர்கள் நிலத்து விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். முன்பு மேடையிலிருந்து பார்த்தபோது அவனுக்கு எல்லோரும் கேட்பது போலத்தான் எப்போதும் தெரிந்திருக்கிறது.

நெய்ச்சோறும் ஆட்டுக்கறியும் வந்தன. ஆவி பறந்தது. வாயில் வைத்தவன் நிமிர்ந்தான்.

“இது சூடா இப்படித்தான் இருக்குமா?”

“ஏன், இத்தன கல்யாணத்துல சாப்புடலையா நீங்க?”

“நாங்க கடைசியிலதான சாப்புடுவோம். எல்லாம் ஆறிப் போயிருக்கும்.”

அவள் தன் தட்டிலிருந்த கறியை அவன் தட்டுக்கு மாற்றினாள். மேடையில் அடுத்த பாட்டு ஆரம்பித்தது. அவன் கையை உயர்த்திப் பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு, இன்னும் கொஞ்சம் சோறு கேட்டான்.